ஐந்து கடல் மைல் எல்லையைக் காக்க வேண்டும்

2025 ஜனவரியில் சென்னைக் கடலோரம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பங்குனி ஆமைகள் செத்து ஒதுங்கின. பெசன்ட் நகர், நீலாங்கரை, கோவளம் என எங்கும் கண் பிதுங்கி, கழுத்து வீங்கிய உடல்கள். ஆமை நுரையீரலால் மூச்சுவிடும் பிராணி. அவ்வப்போது நீர்மட்டத்துக்கு வந்தாக வேண்டும். விசைப்படகுகள் மணிக்கணக்கில் இழுக்கும் இழுவலையில் சிக்கினால் கடலுக்குள்ளேயே மூச்சுத் திணறிச் சாகும்.

தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாக முன்வந்து விசாரித்தது. மீன்வளத் துறை ரோந்தும் அபராதமுமாகச் சுறுசுறுப்பு காட்டியது. ஆனால், கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள், அதாவது சுமார் 9 கிலோமீட்டருக்குள், விசைப்படகுகள் மீன்பிடிக்கக் கூடாது என்ற விதி தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குபடுத்தும் சட்டத்தின் கீழ் ஏற்கெனவே இருந்தது. அந்தச் சட்டம் 1983-ஆம் ஆண்டினது. அதைச் செயல்படுத்த ஆயிரம் சடலங்கள் ஒதுங்க வேண்டியிருந்தது வெட்கக்கேடு.

பருவநிலை மாற்றம் இந்த அலட்சியத்தின் விலையை ஏற்றிக்கொண்டே போகிறது. ஆமைக் குஞ்சு ஆணா, பெண்ணா என்பதை முட்டை புதைந்திருக்கும் மணலின் சூடுதான் தீர்மானிக்கிறது. சூடு கூடினால் பெண் குஞ்சுகள் பெருகும். இன்னும் கூடினால் கருவே அழியும். ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டின் வடபகுதியில் இளம் பச்சை ஆமைகளில் 99 விழுக்காடு பெண் என்று 2018-இல் ஓர் ஆய்வு சொன்னது. வெப்பம் ஆமைகளை மட்டும் தாக்கவில்லை. அலாஸ்காவில் கடல் பனி உருகி இடமில்லாமல் 2014-இல் சுமார் 35,000 வால்ரஸ்கள் பாயின்ட் லே ஊர்க் கரையில் ஏறிக் குவிந்தன. அங்கே பனியை மீட்க உள்ளூர் அரசால் முடியாது. இங்கே விசைப்படகைத் தள்ளி நிறுத்த முடியும்.

1988 முதல் மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பின் தன்னார்வலர்கள் நீலாங்கரை தொடங்கிப் பெசன்ட் நகர் வரை இரவெல்லாம் நடந்து, முட்டைகளைச் சேகரித்துப் பொரிப்பகத்தில் வைக்கிறார்கள். பொரிப்பகத்துக்கு நிழற்பந்தல் போட்டுச் சூட்டைத் தணிக்கலாம். முட்டையிட வரும் தாய் கடலிலேயே செத்துப்போனால் பந்தலால் என்ன பயன்? ஒரு குஞ்சு வளர்ந்து முட்டையிடப் பத்தாண்டுக்கு மேலாகும்.

விசைப்படகுகளுக்கான கரையோர எல்லை என்பதே சிறு மீனவர்களுக்காகப் பிறந்தது. 1970-களில் விசைப்படகுக்காரர்களுக்கும் கட்டுமரக்காரர்களுக்கும் நடந்த மோதல்களின் விளைவு அது. ஊரூர் குப்பத்திலும் நொச்சிக்குப்பத்திலும் ஃபைபர் படகில் போகிறவர்களின் பாடும் அந்த நீரில்தான் இருக்கிறது. ஆமைக்கு எதிராக மீனவரை நிறுத்துவோர் இதை மறைக்கிறார்கள்.

இன்னொரு முரண்: கிழக்குக் கடற்கரையின் 61 நாள் தடைக்காலம் ஏப்ரல் 15-இல்தான் தொடங்குகிறது. பங்குனி ஆமைகள் கரையேறும் பருவமோ ஜனவரியிலேயே தொடங்கி, அதற்குள் பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. ஆமைகள் கரையேறும் அந்த மாதங்களுக்கு விசைப்படகுத் தொழிலாளர்களுக்கு இழப்பீடு கொடுத்து, ஐந்து கடல் மைல் எல்லைக்குள் விசைப்படகு நுழையாதபடி விதியை முழுமையாகச் செயல்படுத்த வேண்டும். ஆமை வெளியேறும் கருவி எல்லா இழுவலைகளிலும் இருப்பதை உறுதிசெய்து, அதன் செலவை அரசு ஏற்க வேண்டும். ரோந்து டிசம்பரிலேயே தொடங்கட்டும். எல்லை மீறிய படகுகளின் பட்டியல் வாரந்தோறும் வெளிவரட்டும்.