குலசையில் இன்னொரு எஞ்சின்

குலசேகரன்பட்டினம்னா இப்போ உங்களுக்கு ராக்கெட் ஏவுதளம்தான் ஞாபகம் வரும். 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டியாச்சு. இந்த மாதிரி வெதுவெதுப்பான கரையோரக் கடலில் இன்னொரு எஞ்சினும் ஓடுது: விப்ரியோ ஆல்ஜினோலிட்டிகஸ் என்ற பாக்டீரியா. நீளம் சுமார் 2 மைக்ரான். கடல் உப்பின் சோடியம் அயனிகள் உள்ளே பாயும் விசையில்தான் அதன் வால் சுழலுது. அந்த அளவில் தண்ணீர் தேன் மாதிரி; வால் நின்னா அந்தக் கணமே உடம்பும் நிக்கும்.

நம்ம பாடத்தில் ரெனால்ட்ஸ் எண் குழாயோடு முடிஞ்சிடுது. ப்ராஜெக்ட்னா மறுபடி லைன் ஃபாலோயர் ரோபோ. ஏன்? ஒரு பாட்டில் கடல்தண்ணி, லேப் மைக்ராஸ்கோப், உங்க போன் கேமரா போதும். என்ன நீந்துது, எவ்வளவு வேகம்னு இப்பவே பதிவு பண்ணுங்க. ராக்கெட் பறக்க ஆரம்பிச்ச பிறகு கடல் மாறிச்சான்னு கேட்டா, முன்னாடி எப்படி இருந்துச்சுன்னு காட்ட ஆதாரம் வேணுமில்ல?