நோட்டீஸைப் பார்த்து மயங்காதீர்கள்!

போன வருஷம் கத்திரி வெயிலில், என் 6 வயதுக் கடைக்குட்டியைப் பக்கத்துத் தெரு சம்மர் கேம்ப்பில் சேர்த்தேன். ஓவியம், கராத்தே, களிமண் பொம்மை என்று நோட்டீஸ் அமர்க்களப்பட்டது. நாலாம் நாள் ராத்திரி, "அம்மா, ஒண்ணுக்குப் போனா எரியுது" என்று ஒரே அழுகை. விசாரித்தால், 40 பிள்ளைகளுக்கு ஒரே கழிப்பறை. அதற்கும் தாழ்ப்பாள் இல்லையாம். கூச்சப்பட்டு அடக்கிக்கொண்டு, தண்ணீரே குடிக்காமல் இருந்திருக்கிறாள்! டாக்டரம்மா சிறுநீரைப் பரிசோதித்து, கிருமித் தொற்று என்று மருந்து கொடுத்தார். பாட்டில் தினமும் நிறைந்தபடியே திரும்பி வந்ததை நான்தான் கவனிக்கவில்லை.

சகோதரிகளே, பணம் கட்டுமுன் கழிப்பறையை நேரில் போய்ப் பாருங்கள். குடிதண்ணீர் எங்கே, சின்னதுகளை அழைத்துப்போக ஆயா உண்டா, வெயில் ஏறுமுன் விட்டுவிடுவார்களா என்று கேளுங்கள். முகம் சுளித்தால் சுளிக்கட்டுமே! இந்த வருஷம் வேறு இடம். சாயங்காலம் அவள் வந்ததும் முதலில் பாட்டிலைத்தான் ஆட்டிப் பார்க்கிறேன்.