பிரிக்க வேண்டியது தீயை, பிழைப்பையன்று

மாட்டுங்காவில் அண்மையில் நடந்த ஒரு கருத்தரங்கில் தாராவியைப் பற்றி இரண்டு கட்டுரைகள் அடுத்தடுத்து வாசிக்கப்பட்டன. வீடும் பட்டறையும் ஒரே கூரையின்கீழ் இயங்கும் வாழ்முறையை நகரவியலின் அரிய சாதனை என்று முதலாமவர் போற்றினார். அதே வாழ்முறைதான் தீக்கும் நோய்க்கும் காரணம் என்றும், தொழிலையும் குடியிருப்பையும் ‘பிரிப்பதே’ தீர்வு என்றும் இரண்டாமவர் வாதிட்டார். அரங்கம் இருவருக்கும் கைதட்டியது. முதலாமவரின் உரையில் தீ என்ற சொல் ஒருமுறைகூட வரவில்லை. இரண்டாமவரின் உரையில் சுவர், கதவு, படிக்கட்டு ஆகிய மூன்றும் வரவில்லை. இருவரும் பேசாமல் விட்ட இடத்தில்தான் மனிதர்கள் இறக்கிறார்கள். அந்த இடத்தைப் பற்றியே இப்பதிவு.

நான் கட்டடப் பொறியாளர் அல்லேன், மொழியியல் பயின்றவள். தாராவியில், கீழே தோல்பை தைக்கும் பட்டறையும் மேலே ஒற்றை அறையுமாக இருந்த வீட்டில் வளர்ந்தவள். மேலேறுவதற்குப் பட்டறை வாசலையொட்டி ஓர் இரும்பு ஏணி மட்டுமே இருந்தது. பசை டப்பாக்களை அந்த ஏணியின் அடியில்தான் அடுக்கி வைப்பார்கள், வேறு இடமில்லை. அந்த ஏணியில் பற்பல ஆண்டுகள் ஏறி இறங்கியவளுக்குக் கருத்தரங்கின் கைதட்டல் எளிதில் செரிக்கவில்லை.

முதலில் சொல்லைப் பார்ப்போம். ‘பிரித்தல்’ என்ற ஒரே சொல் இங்கே இரண்டு வேறுபட்ட செயல்களைக் குறிக்கிறது. ஒன்று, நகரத் திட்டத்தின் பிரிப்பு: இந்தத் தெருவில் வீடு, அந்தத் தெருவில் தொழிற்சாலை என நிலத்தைக் கூறுபோடுவது. மற்றொன்று, கட்டட விதியின் பிரிப்பு: ஒரே கட்டடத்துக்குள் ஒரு பகுதியில் பற்றிய தீயும் புகையும் குறிப்பிட்ட நேரம் வரையில் அடுத்த பகுதிக்குச் செல்லாதவாறு சுவராலும் தளத்தாலும் கதவாலும் தடுப்பது. முதலாவது மனிதரைத் தொழிலிலிருந்து விலக்குகிறது. இரண்டாவது மனிதரையும் தொழிலையும் சேர்ந்திருக்க விட்டு, தீயை மட்டும் விலக்குகிறது. இவை ஒன்றுக்கொன்று மாற்றல்ல. பல வேளைகளில் எதிரானவையும்கூட.

முதல் வகைப் பிரிப்பு இந்நகருக்குப் புதிதன்று. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தோல் பதனிடும் தொழிலை நகரம் தன் நடுவிலிருந்து அகற்றித் தாராவிச் சதுப்பின் ஓரத்துக்குத் தள்ளியது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து நம் முன்னோர் அந்தத் தோல் கிடங்குகளுக்கே வேலை தேடி வந்தனர். 1896இல் கொள்ளைநோய் பரவியபின், 1898இல் அமைந்த பம்பாய் நகர மேம்பாட்டு அறக்கட்டளை தாதர், மாட்டுங்காப் பகுதிகளை அகன்ற தெருக்களும் காற்றோட்டமும் உள்ள குடியிருப்புகளாகத் திட்டமிட்டது. நாற்றமடிக்கும் தொழிலும் அதைச் செய்தவர்களும் ஒரு பக்கம். காற்றும் வெளிச்சமும் மறுபக்கம். ஊர் என்றும் சேரி என்றும் பிரித்துப் பழகிய சமூகத்திலிருந்து வந்தவர்களுக்கு இந்தப் பிரிப்பின் இலக்கணத்தை யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. ஆகவேதான் ‘பிரிக்கப் போகிறோம்’ என்று ஓர் அதிகாரி வந்து சொன்னால், எங்கள் சந்துகளில் அது ‘விரட்டப் போகிறோம்’ என்றே கேட்கிறது. அது அறியாமையன்று, நூறாண்டு அனுபவம்.

ஆனால் இந்த நியாயமான ஐயம் இரண்டாவது பிரிப்பையும் சேர்த்து மறுத்துவிடுகிறது. அதனால் இறப்பவர்களும் நாங்களே.

கட்டட விதி உண்மையில் என்ன கேட்கிறது? இந்திய தேசியக் கட்டட விதித்தொகுப்பின் 2016ஆம் ஆண்டுப் பதிப்பில் நான்காம் பகுதி முழுவதும் தீப்பாதுகாப்பைப் பற்றியது. அது கட்டடங்களைப் பயன்பாட்டின்படி ஒன்பது வகையாகப் பகுக்கிறது; குடியிருப்பு, கடை, தொழிற்கூடம், கிடங்கு ஆகியவை அவற்றுள் தனித்தனி வகைகள். ஒரே கட்டடத்தில் இரண்டு வகைப் பயன்பாடு இருக்குமானால், ஆபத்து மிகுந்த பயன்பாட்டுக்குரிய விதியே முழுக் கட்டடத்துக்கும் பொருந்தும். ஆபத்தான பகுதியைக் குறித்த நேரம் தீயைத் தாங்கும் சுவரால் பிரித்திருந்தால் மட்டுமே இரண்டையும் தனித்தனியே கருதலாம். அதாவது, விதித்தொகுப்பு கலப்பை ஒட்டுமொத்தமாகத் தடை செய்யவில்லை. கலப்புக்கு ஒரு நிபந்தனை வைக்கிறது. சுவர் எழுப்பு, அல்லது முழுக் கட்டடத்தையும் பட்டறைக்குரிய பாதுகாப்போடு கட்டு என்பதே அந்த நிபந்தனை.

இந்தப் பிரிப்பு நிமிடத்தால் அளக்கப்படுவது. 30, 60, 120, 240 நிமிடம் எனச் சுவருக்கும் தளத்துக்கும் கதவுக்கும் தாங்குதிறன் குறிக்கப்படுகிறது. அந்த நேரம் முழுவதும் சுவர் இடிந்து விழக்கூடாது. தழலும் புகையும் நுழையும் விரிசல் விடக்கூடாது. மறுபக்கத்துப் பொருள் பற்றிக்கொள்ளும் அளவுக்கு வெப்பத்தைக் கடத்தக்கூடாது. மின்கம்பி செல்லப் போட்ட ஒரு துளையை அடைக்காமல் விட்டால் அத்தனையும் வீண். தானே மூடிக்கொள்ளும் கதவுக்குக் கல்லை முட்டுக்கொடுத்தாலும் வீண். தீவிபத்துகளில் மிகப் பலரைக் கொல்வது தழலன்று, புகை. புகை தேடுவது மேலேறும் வழியை. அந்த வழிக்கு நாம் வைத்திருக்கும் பெயர் படிக்கட்டு.

2024 அக்டோபர் 6 அன்று விடியற்காலை, செம்பூர் சித்தார்த் காலனியில் கீழே கடையும் மேலே வீடுமாக இருந்த கட்டடத்தில், கடையின் மின்கம்பிகளிலும் மின்சாதனங்களிலும் பற்றிய தீ மேலே சென்றது. ஒரே குடும்பத்தைச் சேர்ந்த ஏழு பேர் இறந்தனர். அவர்களுள் சிறார்களும் உண்டு. கடைக்கு மேல் வீடு இருந்ததுதான் குற்றம் என்று மறுநாள் பலர் எழுதினர். மாட்டுங்காச் சந்தைத் தெருவிலும் கடைக்கு மேல் வீடுகள் உண்டு. திருநெல்வேலி ரதவீதிகளிலும் உண்டு. உறங்கியவர்களுக்கும் தீக்கும் நடுவே, அவர்கள் விழித்து வெளியேறும் அளவுக்கு நேரம் தரும் தடுப்பு ஒன்று இருந்ததா என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

‘இவையெல்லாம் முறையற்ற கட்டுமானங்கள், அடுக்குமாடி வந்தால் தீர்ந்துவிடும்’ என்பவர்களுக்கு அதே தேதியில் வேறொரு விடை இருக்கிறது. 2023 அக்டோபர் 6 அன்று, செம்பூர் விபத்துக்குச் சரியாக ஓராண்டு முன்பு, கோரேகாவ் மேற்கில் ஜெய் பவானி என்ற கட்டடத்தில் தீப்பற்றியது. அது குடிசைப்பகுதி மறுவாழ்வுத் திட்டத்தில் முறைப்படி கட்டித் தரப்பட்ட அடுக்குமாடி. கீழே வண்டி நிறுத்துமிடத்தில் பழந்துணி மூட்டைகள் அடுக்கப்பட்டிருந்தன. அங்கே எழுந்த தீயின் புகை மேல்தளங்களுக்கு ஏறியது; குறைந்தது ஏழு பேர் உயிரிழந்தனர், பல பேர் காயமுற்றனர். குடிசையிலிருந்து அடுக்குமாடிக்கு மாறியவர்கள் தங்கள் பிழைப்பையும் உடன் கொண்டுவந்தனர். அதற்கு இடம் ஒதுக்காத கட்டடம் அப்பிழைப்பை ஒழித்துவிடவில்லை; படிக்கட்டின் அடிக்கு அனுப்பிவைத்தது. முதல் வகைப் பிரிப்பைத் தாளில் வரைந்த திட்டம், இரண்டாம் வகைப் பிரிப்பை நிலத்தில் அழித்துவிட்டது என்றே நான் இதை வாசிக்கிறேன்.

இது ஏழைகளின் கட்டடங்களுக்கு மட்டும் உரிய நோயுமன்று. 1997 ஜூன் 13 அன்று தில்லி உபஹார் திரையரங்கில் 59 பேர் இறந்தனர். கீழ்த்தளத்தில் மின்மாற்றி, மேலே பார்வையாளர். நடுவே புகைக்குப் படிக்கட்டு வழிவிட்டது. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் 94 குழந்தைகளை இழந்தோம். சமையற்கூடத்தில் தொடங்கிய தீ வகுப்பறைகளின் கீற்றுக்கூரைக்குத் தாவியது. பள்ளியில் சமையல் நடக்கக்கூடாது என்று அன்று எவரும் முடிவுகட்டவில்லை. நடந்திருந்தால் சத்துணவே நின்றிருக்கும். அடுப்புக்கும் வகுப்பறைக்கும் நடுவே தீத்தாங்கும் தடுப்பும், எரியாத கூரையும் வேண்டும் என்பதே சரியான பாடம். கும்பகோணத்துக்குச் சொன்ன பாடத்தைத் தாராவிக்கு மட்டும் ஏன் மாற்றிச் சொல்கிறோம்?

இனி, தாராவியைப் போற்றும் தரப்புக்கு ஒரு சொல். கலப்புப் பயன்பாட்டை ஆதரிக்கும் உங்கள் நிலைப்பாடுதான் என் நிலைப்பாடும். ஆனால் ஏணியின் அடியில் இருக்கும் பசை டப்பாவைப் பேசாமல் ஏணியைப் புகழ்வது ஆய்வாகாது. அந்த ஏணியில் உறங்கப் போகிறவர்கள் உங்கள் கட்டுரையின் தரவுகள் மட்டுமல்லர். அமெரிக்காவில் பரவலாகப் பின்பற்றப்படும் பன்னாட்டுக் கட்டட விதித்தொகுப்பு, தன் 2009ஆம் ஆண்டுப் பதிப்பில் ‘வாழ்-பணி அலகு’ என்ற வகையை ஏற்றுக்கொண்டது. குடியிருப்பவரே கீழே சிறு தொழில் நடத்தும் வீட்டை அது சட்டத்துக்குள் கொண்டுவந்தது. அளவுக்கு ஒரு வரம்பு விதித்தது. தானியங்கி நீர்த்தெளிப்பானைக் கட்டாயமாக்கியது. பெயரிட்டால்தான் விதி எழுத முடியும். தாராவியின் வீட்டைப் பற்றி நூற்றுக்கணக்கில் கட்டுரை எழுதிய நாம், அதற்குரிய விதி ஒன்றை எழுதித் தருமாறு அதிகாரத்தை எத்தனை முறை கேட்டிருக்கிறோம்?

அடுத்து, பொறுப்பு. விதித்தொகுப்பின் வாக்கியங்கள் பெரும்பாலும் செயப்பாட்டுவினையில் அமைந்தவை: ‘பிரிக்கப்பட வேண்டும்’, ‘அடைக்கப்பட வேண்டும்’. செய்பவர் யார் என்பதை இந்த வினை மறைத்துக்கொள்ளும். மகாராஷ்டிரத்தின் 2006ஆம் ஆண்டுத் தீத்தடுப்பு மற்றும் உயிர்ப்பாதுகாப்புச் சட்டம் அந்த இடத்தை நிரப்ப முயல்கிறது. கட்டுநர், உரிமையாளர், குடியிருப்பவர், அல்லது எப்பெயரால் அழைக்கப்படுபவராயினும் அவர் பொறுப்பு என்கிறது. ஆண்டுதோறும் சனவரியிலும் சூலையிலும், தீப்பாதுகாப்பு ஏற்பாடுகள் நல்ல நிலையில் உள்ளன என்ற சான்றிதழைத் தரவேண்டும் என்கிறது. நல்ல சட்டந்தான். ஆனால் நிலம் மாநகராட்சிக்கோ அரசுக்கோ, கட்டுமானம் ஒருவருக்கு, வாடகை வாங்குபவர் இன்னொருவர், இயந்திரம் மூன்றாமவருக்கு, உறங்குபவர் நான்காமவர் என்று இருக்கும் தாராவியில், அந்த ‘அல்லது’ பொறுப்பைப் பரப்புவதற்குப் பதிலாகக் கரைத்துவிடுகிறது. எல்லாரும் பொறுப்பு என்ற வாக்கியம் நடைமுறையில் எவரும் பொறுப்பில்லை என்றே வாசிக்கப்படுகிறது.

செலவைக் காட்டி மறுப்பவர்களும் உண்டு. அவர்கள் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். நீரேற்றும் மோட்டார் பழுதாகும், எச்சரிக்கை மணிக்கு மின்சாரம் வேண்டும், சான்றிதழ் காலாவதியாகும். ஒழுங்காகக் கட்டிய செங்கற்சுவருக்கு இவை எதுவும் தேவையில்லை. நள்ளிரவிலும் அது தன் வேலையைச் செய்யும். பராமரிக்கப் பணமில்லாத கட்டடத்துக்கே சுவர் மிகுதியும் தேவை. 1666இல் இலண்டன் எரிந்தபின், மறு ஆண்டே இயற்றிய சட்டம் வீடுகளைச் செங்கல்லாலோ கல்லாலோ கட்ட வேண்டும் என்றது; இரு வீடுகளுக்கு இடைப்பட்ட பொதுச்சுவரின் தடிமனையும் வரையறுத்தது. கடைக்காரர்களைக் கடைக்கு மேலே குடியிருக்கக்கூடாது என்று அது விரட்டவில்லை.

தாராவி மறுசீரமைப்பு இப்போது அதானி குழுமம் பங்கேற்கும் திட்டத்தின் கையில் இருக்கிறது. தகுதி பெற்ற குடும்பத்துக்கு 350 சதுர அடி வீடு என்ற கணக்கே எங்கும் பேசப்படுகிறது. சதுர அடியைப் போலவே நிமிடத்தையும் பேசுங்கள் என்பதே என் வேண்டுகோள். தொழிலுக்கும் வீட்டுக்கும் ஒரே கட்டடத்தில் இடம் தரும்போது நடுவிலுள்ள தளம் எத்தனை நிமிடம் தீயைத் தாங்கும்? வீட்டுப் படிக்கட்டு பட்டறைக்குள் திறக்காமல் நேரே தெருவுக்கு இறங்குமா? பொருள் சேமிக்கத் தனி அறை உண்டா, அல்லது மீண்டும் வண்டி நிறுத்துமிடந்தானா? மின்கம்பிகளும் குழாய்களும் செல்லும் செங்குத்துக் குழிகளைத் தளந்தோறும் அடைப்பவர் யார், அதைச் சோதிப்பவர் யார்? வரைபடத்தில் இவற்றுக்கு விடை இல்லையென்றால், கட்டப்போவது உயரமான கோரேகாவ்.

கட்டடங்கள் எழும்வரை காத்திருக்கவும் முடியாது. இன்றிரவும் அந்த ஏணிகளில் குழந்தைகள் ஏறுவார்கள். ஏணியடியைக் காலியாக வைத்தல், பட்டறைக்கும் ஏணிக்கும் நடுவே ஒரு சுவரும் கதவும், உள்ளிருந்து திறக்கக்கூடிய சன்னல் கம்பி, இரவில் பட்டறையின் மின்சாரத்தை மட்டும் துண்டிக்கத் தனி விசை: இவற்றுக்கு எந்தப் பெருந்திட்டமும் வேண்டியதில்லை. இவற்றைச் செய்பவருக்கு ‘சட்டவிரோதக் கட்டுமான மாற்றம்’ என்று அறிவிப்பு அனுப்பாமல் இருந்தாலே பாதி வேலை முடியும்.

கடைசியாக, என் துறை சார்ந்த ஒரு முன்மொழிவு. இந்த இரண்டாவது செயலைப் ‘பிரிப்பு’ என்று அழைப்பதை நிறுத்துவோம். ‘தீயடைப்பு’ என்போம். எங்கள் பாட்டிமார் தாமிரபரணிக் கரையில் மடையை அடைத்துப் பழகியவர்கள். எந்த வயலுக்குத் தண்ணீர் போகவேண்டும், எதற்குப் போகக்கூடாது என்று அடைப்பவர் முடிவு செய்வார், வயலை யாரும் ஊரைவிட்டு அனுப்புவதில்லை. ‘உங்கள் வீட்டில் தீயடைப்பு இருக்கிறதா?’ என்று தமிழிலும் மராத்தியிலும் இந்தியிலும் உருதுவிலும் வீடுவீடாகக் கேட்கலாம். அந்தக் கேள்விக்கு யாரும் கதவைச் சாத்தமாட்டார்கள்.

அடுத்த கருத்தரங்கில் தாராவியைப் போற்றினாலும் சரி, பழித்தாலும் சரி, ஒரு வினாவுக்கு மட்டும் விடை சொல்லிவிட்டு அமருங்கள்: கீழே தீப்பற்றினால், மேலே உறங்குபவருக்கு எத்தனை நிமிடம் இருக்கிறது?