தள்ளிவிட்டவனா, தள்ளப்பட்டவளா?

எங்கள் சபையில் ஒரு அக்கா இருக்கிறார். கல்யாணமாகி ஒன்றரை வருடத்தில், வேலை தேடிப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனவர்தான் அவர் கணவர். போனும் இல்லை, பணமும் இல்லை. ஆறு வருடம் கழித்து கோர்ட்டில் விவாகரத்து கிடைத்தது. இப்போது ஒரு நல்ல வரன் வந்திருக்கிறது. ஆனால் கோவிலில் ஓலை வாசிக்க முடியாது என்கிறார் பாஸ்டர் ஐயா. வேதத்தில் இடமில்லையாம்.

நான் பி.காம். படிக்கிறவன். இறையியல் படித்ததில்லை. ஆனால் வேதம் எங்கள் வீட்டிலும் இருக்கிறதே, எடுத்துப் பார்த்தேன்.

முதலில் கண்ணில் பட்டது ஒரு வார்த்தை. நாம் கோவிலில் வாசிக்கும் பழைய மொழிபெயர்ப்பில் இந்த வசனங்களில் 'விவாகரத்து' என்று இல்லை. 'தள்ளிவிடுதல்', 'தள்ளுதற்சீட்டு' என்றுதான் இருக்கிறது. ரத்து என்றால் ஓர் ஒப்பந்தம் முடிந்தது, அவ்வளவுதான். தள்ளுவதென்றால் தள்ளுகிறவன் ஒருவன், விழுகிறவள் ஒருத்தி! அந்தக் காலத்து யூதர்களிடம் நடந்ததும் அதுதான். சீட்டு எழுதிக் கொடுப்பது ஆண். எதற்காக எழுதலாம் என்பதில்தான் ரபிகளுக்குள் சண்டை. ஒழுக்கக்கேட்டுக்கு மட்டும் என்றது ஷம்மாயின் பள்ளி. சமையலைக் கெடுத்தாலே போதும் என்றது ஹில்லேலின் பள்ளி. (நம் ஊரில் இது இருந்தால் எத்தனை வீடு மிஞ்சும்?)

மத்தேயு 19ல் பரிசேயர்கள் இயேசுவிடம் கொண்டு வந்தது இந்தச் சண்டையைத்தான். மோசே அனுமதித்தது உங்கள் இருதயம் கடினமாக இருந்ததால்தான், ஆதியில் அப்படி இல்லை என்கிறார் அவர். உடனே சீஷர்களே, அப்படியென்றால் கல்யாணம் செய்யாமலிருப்பதே நல்லது என்கிறார்கள்! ஆண்களின் சௌகரியத்தில் கை வைத்ததால் வந்த புலம்பல் அது. இயேசு கண்டித்தது தள்ளுகிறவனை. நாம் தண்டிப்பது தள்ளப்பட்டவளை.

"மத்தேயு 5:32 இருக்கிறதே, தள்ளப்பட்டவளைக் கட்டுகிறவனும் பாவம் செய்கிறான் என்று!" எனலாம். உண்மைதான், கஷ்டமான வசனம். மறைத்துவிட்டுப் பேச எனக்கு மனமில்லை. ஆனால் அதற்கு நாலு வசனம் முன்னால், ஒரு பெண்ணை இச்சையோடு பார்த்தாலே விபசாரம் என்றும் இருக்கிறது. அதைச் சட்டமாக்கினால் எங்கள் வாலிபர் கூட்டத்தில் ஒருவருக்கும் திருவிருந்து கிடைக்காது. ஒரு வசனத்துக்கு இரக்கம், இன்னொன்றுக்கு இரும்புப் பூட்டு... எப்படி?

எனக்கு அதிகம் உதவியவர் பவுல். 1 கொரிந்தியர் 7ல், புருஷனைவிட்டு மனைவி பிரியக்கூடாது என்பதைக் கர்த்தருடைய கட்டளை என்றே சொல்கிறார். பிறகு, அவிசுவாசியான துணை தானாகப் பிரிந்து போனால் விசுவாசி கட்டுப்பட்டவரில்லை என்கிறார். இது கர்த்தர் சொன்னதல்ல, நான் சொல்கிறேன் என்று ஒளிக்காமல் சொல்லிவிட்டுத்தான் அதைச் சொல்கிறார். இயேசுவிடம் யாரும் கேட்காத பிரச்சினை கொரிந்துவில் வந்தது, அவர் யோசித்துப் பதில் சொன்னார்.

பாஸ்டர் ஐயாவின் வாதம், அக்காவின் கணவர் ஞானஸ்நானம் பெற்றவர், அதனால் இது பொருந்தாது என்பது. சரி, 1 தீமோத்தேயு 5:8ஐப் பார்ப்போம். தன் வீட்டாரைக் கவனிக்காதவன் விசுவாசத்தை மறுதலித்தவன், அவிசுவாசியைவிட மோசமானவன் என்கிறது அது. அவிசுவாசி விட்டுப்போனால் விடுதலை உண்டு, அதைவிட மோசமானவன் விட்டுப்போனால் கிடையாதா? கணக்கு உதைக்கிறதே!

இஷ்டத்துக்குப் பிரியலாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் வேதத்தின் பெயரால் யார் பக்கம் சாய்கிறோம் என்று பார்க்க வேண்டும். கிறிஸ்தவர்களுக்கான 1869ஆம் வருட விவாகரத்துச் சட்டத்தில் மனைவியின் விபசாரம் மட்டுமே கணவனுக்குப் போதும். கணவன் விபசாரம் செய்தாலோ, மனைவி அதோடு கொடுமை, கைவிடுதல் என்று இன்னொன்றையும் நிரூபிக்க வேண்டும். 2001ல்தான் திருத்தினார்கள். இயேசு எந்த இடத்திலும் ஆணுக்கு ஓர் அளவு, பெண்ணுக்கு ஓர் அளவு வைக்கவில்லை.

தீமோத்தேயு வசனத்தைத் துண்டுச் சீட்டில் எழுதி அக்காவிடம் கொடுத்தேன். அவர் அதை பாஸ்டர் ஐயாவிடம் காட்டியிருக்கிறார். ஜெபித்துவிட்டுச் சொல்கிறேன் என்றாராம். மூன்று மாதமாகிறது, இன்னும் ஜெபித்துக்கொண்டிருக்கிறார்.