தோள்பட்டை வலி: இயன்முறை சிகிச்சைக்கு எத்தனை முறை வர வேண்டும்?

ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு, இராணிப்பேட்டை பகுதிகளில் தோல் பதனிடும் நிலையங்களிலும் காலணித் தொழிற்சாலைகளிலும் பணிபுரிவோருக்குத் தோள், கழுத்து, இடுப்பு வலி புதிதன்று. ஈரத்தோலைத் தூக்கிப் புரட்டுவதும், தையல் இயந்திரத்தின் முன் நாள் முழுவதும் குனிந்திருப்பதும் வலியைத் தூண்டக்கூடியவை. வாரம் இருமுறை இயன்முறை சிகிச்சைக்கு வருமாறு கூறப்படும்போது, பலருக்கு வலியைவிடக் கூலி இழப்பே பெரிய கவலையாகிறது. அத்தனை வருகைகள் தேவையா என்று கேட்பது நியாயமானதே.

இவ்வினாவை நேரடியாக ஆராய்ந்த பிரிட்டன் ஆய்வு ஒன்று 2021 இல் லான்செட் இதழில் வெளியானது. தோள்மூட்டைச் சுற்றியுள்ள தசைநாண் பாதிப்பு கொண்ட 708 பேர் அதில் பங்கேற்றனர். ஒரு பிரிவினருக்கு ஆறு அமர்வுகள் வரை படிப்படியான உடற்பயிற்சி அளிக்கப்பட்டது. மற்றொரு பிரிவினருக்கு ஒரே ஒரு அமர்வில் விரிவான ஆலோசனையும், வீட்டில் செய்ய வேண்டிய பயிற்சிக்கான கையேடும் காணொளியும் வழங்கப்பட்டன. ஓராண்டு முழுவதும் கண்காணித்ததில், வலியிலும் கைச் செயல்பாட்டிலும் இரு பிரிவினருக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஸ்டீராய்டு ஊசியின் கூடுதல் பயன் சிறிதாகவும் குறுகிய காலத்திற்கு மட்டுமாகவும் இருந்தது.

இதைக் கொண்டு இயன்முறை சிகிச்சையே வேண்டாம் எனக் கருதுதல் தவறு. அந்த ஓர் அமர்வும் பயிற்சி பெற்ற வல்லுநரால் நிதானமாக நடத்தப்பட்டதாகும். இரண்டு நிமிடத்தில் தாளைக் கையில் கொடுத்து அனுப்புவது அதற்கு ஈடாகாது. மேலும், வலியைத் தந்த அதே இயந்திரத்திற்கே மறுநாள் திரும்பும் தொழிலாளிக்கு இம்முடிவு எவ்வளவு பொருந்தும் என்பதை இங்கேயே ஆராய வேண்டியுள்ளது. ஒரு நோய்க்கான முடிவு மற்றொன்றிற்குப் பொருந்தாது என்பதற்கு இந்தியச் சான்று உண்டு: பக்கவாத நோயாளிகளுக்குக் குடும்பத்தினரே வீட்டில் பயிற்சி அளிக்கும் முறையை 14 மருத்துவமனைகளில் 1,250 பேரிடம் சோதித்தபோது, வழக்கமான சிகிச்சையைவிடக் கூடுதல் பயன் காணப்படவில்லை (2017).

எனவே முதல் வருகையிலேயே, எந்தப் பயிற்சி, நாளொன்றுக்கு எத்தனை முறை, எவ்வளவு வலி வரை தொடரலாம் என்பதைக் கேட்டறிந்து, வல்லுநர் முன் ஒருமுறை செய்து காட்டவும். விழுந்தபின் கையைத் தூக்க இயலாமை, கை மரத்துப்போதல் அல்லது வலுக்குறைவு, காய்ச்சலுடன் மூட்டு வீக்கம் ஆகியவை இருந்தால் வீட்டுப் பயிற்சியில் காலம் கடத்தாமல் உடனே மருத்துவரை அணுகவும். நடமாட இயலாதோருக்கு, 2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இல்லத்திலேயே இயன்முறை சிகிச்சை வழங்கப்படுகிறது. தகுதியுடைய ஈ.எஸ்.ஐ. காப்பீட்டாளர்கள், பணிக்குச் செல்ல இயலாது என மருத்துவர் சான்றளிக்கும் நாட்களுக்கு நோய்க்கால உதவித்தொகை கோரலாம்.

வேலூரில் மறுவாழ்வு மருத்துவத்திற்கு நீண்ட மரபு உண்டு. 1940களின் இறுதியில் சி.எம்.சி.யில் மருத்துவர் பால் பிராண்டு தொழுநோயால் செயலிழந்த கைகளுக்குத் தசைநாண் மாற்று அறுவை சிகிச்சை செய்தபோது, அதன்பின் விரல்களை மீண்டும் பழக்குவதும் சிகிச்சையின் அங்கமாயிருந்தது. இத்தகைய கற்பித்தல் மருத்துவமனைகளில் ஆய்வில் சேர உங்களுக்கு அழைப்பு வரலாம். சேர்வது உங்கள் விருப்பமே. மறுத்தாலும் இடையில் விலகினாலும் வழக்கமான சிகிச்சை தடைபடக் கூடாது. ஒப்புதல் படிவத்தைத் தமிழில் கேட்டுப் பெறவும். அதில் கையொப்பமிடுமுன், எத்தனை நாட்கள் வர வேண்டும், பயணச் செலவு தரப்படுமா, இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் ஆய்வின் பதிவு எண் என்ன என்பவற்றைக் கேட்டுக் குறித்துக்கொள்ளவும்.