நேர்முகப் பரீட்சையில் தோற்கும் திறமைகள்: ஓட்டிசமும் தொழில்வாய்ப்பும்

ஏப்ரல் 2 உலக ஓட்டிசம் விழிப்புணர்வு தினம். அன்று உரைகள் நடக்கின்றன, பதாகைகள் தொங்குகின்றன. ஆனால், ஓட்டிசமுள்ள பிள்ளை பாடசாலையை விட்டு வெளியேறிய பின் என்ன தொழில் செய்யும் என்பதை நாம் பேசுவதே இல்லை.

இது யாரோ சிலரின் பிரச்சினை அல்ல. பேராசிரியர் ஹேமமாலி பெரேரா குழுவினர் இலங்கையின் அரை நகர்ப்புறப் பகுதியொன்றில் நடத்தி 2009இல் வெளியிட்ட ஆய்வு, 18 முதல் 24 மாத வயதுக் குழந்தைகளில் 93 பேருக்கு ஒருவர் என்ற அளவில் ஓட்டிசத்தைக் கண்டறிந்தது. ஆய்வு சிறியதுதான். ஆனாலும் ஒரு நடுத்தரப் பாடசாலையில் இத்தகைய பிள்ளைகள் சிலராவது இருக்கக்கூடும் என்பதை அது உணர்த்துகிறது.

ரயில் நேர அட்டவணையை மனனமாகச் சொல்வார், கணக்கில் ஒரு புள்ளி பிசகினாலும் கண்டுபிடிப்பார், ஆனால் முகம் பார்த்துப் பேசமாட்டார். இத்தகைய பிள்ளையை வகுப்பில் "ஒரு மாதிரி" என்று ஒதுக்கிவிடுகிறோம். மென்பொருள் பரிசோதனை, தரவுச் சரிபார்ப்பு போன்ற தொழில்களுக்குத் தேவைப்படுவதோ இந்தக் கூர்மையும் பொறுமையும்தான்.

டென்மார்க்கைச் சேர்ந்த தோர்கில் சோன், தன் மகனுக்கு ஓட்டிசம் இருப்பதை அறிந்த பின், 2004இல் ஸ்பெஷலிஸ்டர்ன் நிறுவனத்தை ஆரம்பித்தார். அங்கு வழமையான நேர்முகப் பரீட்சைக்குப் பதிலாக, லெகோ ரோபோக்களை உருவாக்கச் செய்து திறமையை அளந்தார்கள். எஸ்.ஏ.பி. மென்பொருள் நிறுவனம் பெங்களூரில் சிலரை மென்பொருள் பரிசோதகர்களாகச் சேர்த்துப் பார்த்து, 2013இல் அத்திட்டத்தை உலகளவில் விரிவாக்கியது. 2020க்குள் ஊழியர்களில் 1% என்ற இலக்கை அது எட்டவில்லை. என்றாலும் வாசலை மாற்றினால் உள்ளே வரக்கூடியவர்கள் இருக்கிறார்கள் என்பது நிரூபணமானது.

நமது நாட்டில் சட்டம் இல்லாமல் இல்லை. அரச துறை வெற்றிடங்களில் 3% மாற்றுத்திறனாளிகளுக்கு என 1988ஆம் ஆண்டுச் சுற்றறிக்கை கூறுகிறது. 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் ஆட்சேர்ப்பில் பாகுபாட்டைத் தடுக்கிறது. 2016இல் ஐ.நா. சமவாயத்தையும் இலங்கை ஏற்று உறுதிப்படுத்தியது. ஆனால், கண்ணுக்குத் தெரியும் குறைபாட்டை மனதில் வைத்தே இவற்றை நாம் வாசிக்கிறோம். அதே 2016இல் இந்தியா இயற்றிய சட்டம், 4% ஒதுக்கீட்டுக்குள் ஓட்டிசத்தைப் பெயர் குறிப்பிட்டே சேர்த்தது. நமது சுற்றறிக்கைக்கும் அந்தத் தெளிவு வேண்டும்.

ஓட்டிசமுள்ள எல்லோரும் கணினி மேதைகள் என்ற புதுக்கதையையும் நம்ப வேண்டாம். சிலருக்கு வாழ்நாள் முழுவதும் துணை தேவை. சிலருக்குத் தச்சுவேலை பிடிக்கும், சிலருக்குத் தோட்டவேலை. பிள்ளையின் நாட்டம் எதுவென்று பார்ப்பதே முதல் வேலை.

மலையகத்தில் அதற்கும் முன்னால் ஒரு தடை இருக்கிறது. பட்டிப்பொலவில் இருக்கும் தாய், பிள்ளையை ராகமையிலுள்ள 'அயதி' நிலையத்துக்குக் கொண்டுபோக வேண்டுமென்றால் ஒரு நாள் சம்பளத்தை இழக்க வேண்டும். அடையாளம் காணப்படாத பிள்ளைக்கு எந்த ஒதுக்கீடும் பயன்படாது. எனவே மாவட்ட வைத்தியசாலைகளில் மாதம் ஒருமுறையேனும் தமிழில் பேசும் பரிசோதனைக் குழு தேவை. ஆசிரியர் பயிற்சியில் இதற்கென முழுமையான பாடம் தேவை.

கடை, கணக்கு அலுவலகம், கணினி நிலையம் நடத்தும் நமது சமூகத்தவர் பலர் இருக்கிறார்கள். சுற்றறிக்கை திருத்தப்படும் வரை அவர்கள் காத்திருக்க வேண்டியதில்லை. அடுத்த முறை ஆள் எடுக்கும்போது, பேச்சைக் கேட்பதற்கு முன் இரண்டு வாரம் வேலையைக் கொடுத்துப் பாருங்கள்.