இலவச நாற்காலி வருது... அளவு எடுத்தது யார்?
மாற்றுத்திறனாளிகளின் கருவிக்கு நன்கொடை தேடுவோர் போட வேண்டிய கணக்கு

மேடை தயார். மைக் தயார். போட்டோகிராபரும் வந்தாச்சு. பந்தலில் வரிசையாகச் சக்கர நாற்காலிகள் நிற்கின்றன. எல்லாம் ஒரே அளவு!

வாங்க வந்தவர்களோ ஒரே அளவு இல்லை. 12 வயதுச் சிறுவனும் இருக்கிறான். 60 வயதுப் பெரியவரும் இருக்கிறார். பெயரைக் கூப்பிடுகிறார்கள். கொடுக்கிறார்கள். கைதட்டல். அடுத்த ஆள்!

சென்னையில் நடக்கும் இலவச உதவி முகாம்களில் இது புதுக்காட்சி அல்ல. கொடுப்பவர்களின் மனசைக் குறை சொல்ல முடியாது. பலர் சொந்தக் காசைப் போட்டுத்தான் கொடுக்கிறார்கள். ஆனாலும் அந்த நாற்காலிகளில் சில, ஆறு மாதத்தில் மாடிப்படிக்குக் கீழே துணி காயப்போடும் சாமானாகி விடுகின்றன.

ஏன்? பணம் இல்லாததாலா?

இல்லை. பணம் முந்திக்கொண்டு வருவதால்!

நாலாவது படி

சக்கர நாற்காலி கொடுப்பது எப்படி என்று உலக சுகாதார நிறுவனம் 2008-ம் ஆண்டில் ஒரு வழிகாட்டி வெளியிட்டது. அதில் 8 படிகள் உண்டு.

தேவைப்படுபவரைக் கண்டறிந்து அனுப்புவது முதல் படி. அவரை நேரில் பார்த்து, வீடு எப்படி, வேலை என்ன, உடம்பு எந்த நிலையில் இருக்கிறது என்று விசாரிப்பது 2-வது படி. எந்த நாற்காலி, எந்த அளவு என்று எழுதிக் கொடுப்பது 3-வது படி. பணத்துக்கு ஏற்பாடு செய்து ஆர்டர் கொடுப்பது 4-வது படி.

அதன் பிறகு நாற்காலியைத் தயார் செய்வது, உட்கார வைத்துப் பொருத்திப் பார்ப்பது, ஓட்டப் பழக்குவது. கடைசிப் படி, பின்னாளில் பழுது பார்ப்பது.

ஆக, பணம் வருவது நாலாவதாக. நம்மூரில் அதுதான் முதல் படி. பல சமயம் அதுவே கடைசிப் படியும் கூட!

செயற்கைக் கால் விஷயத்தில் இப்படி நடப்பதில்லை. 1968-ல் உருவானது 'ஜெய்ப்பூர் கால்'. 1975-ல் ஜெய்ப்பூரில் தொடங்கிய பகவான் மகாவீர் விக்லாங் சகாயதா சமிதி அதை இலவசமாகப் பொருத்தி வருகிறது. சென்னையில் 'முக்தி' அமைப்பும் செயற்கைக் கால்களை இலவசமாகத் தருகிறது. அங்கெல்லாம் துண்டான காலை அளவெடுக்காமல் யாரும் கால் கொடுப்பதில்லை. கொடுத்தால் நடக்கவே முடியாது, உடனே தெரிந்து விடும்.

நாற்காலியில் தப்பு உடனே தெரிவதில்லை. அதுதான் ஆபத்து.

தண்டுவடத்தில் அடிபட்டவருக்கு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இருக்காது. நாற்காலி அகலமாக இருந்தால் உடம்பு ஒரு பக்கம் சாயும். சரியான மெத்தை இல்லையென்றால் உட்காரும் இடத்தில் அழுத்தம் ஏறும். புண் வரும். வலி தெரியாது. தெரிய வரும்போது ஆஸ்பத்திரியில் மாதக்கணக்கில் படுக்க வேண்டிய நிலை. வேலையும் போச்சு, சம்பளமும் போச்சு!

இலவசத்தின் விலை

இன்னொரு சிக்கலும் உண்டு. பலருக்கும் தெரியாதது.

மாற்றுத்திறனாளிகள் கருவி வாங்குவதற்கென மத்திய அரசு 1981 முதல் ஒரு திட்டம் நடத்துகிறது. 'அடிப்' திட்டம் என்று சுருக்கமாகச் சொல்வார்கள். கான்பூரில் 1972-ல் அமைந்த 'அலிம்கோ' என்ற அரசு நிறுவனம் இதற்கான கருவிகளைச் செய்கிறது. 40 சதவிகிதம் அல்லது அதற்கு மேல் பாதிப்பு என்று சான்றிதழ் உள்ளவர்கள் மனுச் செய்யலாம்.

அதில் ஒரு நிபந்தனை: அதே தேவைக்காகக் கடந்த 3 ஆண்டுகளுக்குள் வேறு உதவி பெற்றிருக்கக் கூடாது. 12 வயதுக்கு உட்பட்ட குழந்தை என்றால் ஓராண்டு. அரசு உதவி மட்டுமல்ல; தொண்டு நிறுவனத்திடம் வாங்கியதும் இந்தக் கணக்கில் சேரும்.

இதன் அர்த்தம் என்ன? தெருமுனை முகாமில் பொருந்தாத நாற்காலி ஒன்றைக் கை நீட்டி வாங்கிவிட்டால், பொருந்தும் நாற்காலிக்கான கதவு 3 வருஷம் சாத்திக்கொள்ளும்!

"சும்மாதானே கொடுக்கிறாங்க, வாங்கி வைப்போம்" என்று நினைப்பவர்கள் இதை ஒரு நிமிஷம் யோசிக்க வேண்டும்.

முப்பதாயிரம் என்ற கோடு

2022-ல் இந்தத் திட்டத்தின் வருமான வரம்பை உயர்த்தினார்கள். மாதம் ரூ.22 ஆயிரத்து 500 வரை வருமானம் உள்ளவர்களுக்கு முழு உதவி. அதற்கு மேல் ரூ.30 ஆயிரம் வரை பாதி உதவி என்று வைத்தார்கள்.

ரூ.30 ஆயிரத்துக்கு மேலே? ஒன்றும் இல்லை.

சென்னையில் மாதம் ரூ.32 ஆயிரம் வாங்கும் ஒரு குமாஸ்தாவை எடுத்துக் கொள்ளுங்கள். வீட்டு வாடகை, பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம், மளிகை போனால் கையில் என்ன நிற்கும்? அவர் மகளுக்கு நல்ல சக்கர நாற்காலி வேண்டும். அரசுத் திட்டம் "வருமானம் அதிகம்" என்கிறது. அறக்கட்டளைக்குப் போனால் "ரொம்ப ஏழைகளுக்குத்தான் முதலில்" என்கிறார்கள். இரண்டு பக்கமும் கதவு!

இப்படி நடுவில் மாட்டிக்கொண்ட குடும்பங்கள் கடைசியில் நகையை அடகு வைக்கின்றன. இது நம்மூர்க் கதை மட்டுமல்ல. உலக சுகாதார நிறுவனமும் யுனிசெப்பும் 2022-ல் வெளியிட்ட அறிக்கையின்படி, கருவி வைத்திருப்பவர்களில் மூன்றில் இரண்டு பங்குப் பேர் கைக்காசு போட்டிருக்கிறார்கள். உலகில் 250 கோடிக்கும் அதிகமான பேருக்கு ஏதாவது ஒரு துணைக்கருவி தேவை. கிட்டத்தட்ட 100 கோடிப் பேருக்கு அது கிட்டவில்லை என்றும் அதே அறிக்கை சொல்கிறது.

நல்ல கருவி என்ன விலை?

உதாரணத்துக்கு வெளியூர் போக வேண்டாம். சென்னை ஐ.ஐ.டி.யே இருக்கிறது. அங்குள்ள டி.டி.கே. மறுவாழ்வுக் கருவி ஆராய்ச்சி மையம், உட்கார்ந்தவர் எழுந்து நிற்க உதவும் 'அரைஸ்' நாற்காலியை 2019-ல் வெளியிட்டது. அதன் ஆராய்ச்சிக்கு இங்கிலாந்தின் வெல்கம் டிரஸ்ட் என்ற அறக்கட்டளை பணம் கொடுத்தது.

2021-ல் 'நியோபிளை' என்ற நாற்காலியும், அதோடு மாட்டிக்கொண்டு சாலையில் ஓட்டும் 'நியோபோல்ட்' என்ற மின்சார வண்டியும் வந்தன. உட்காருபவரின் உடம்புக்கு ஏற்ப நாற்காலியின் அளவுகளை மாற்றலாம். வெளிவந்தபோது நாற்காலி விலை ரூ.39 ஆயிரத்து 900. வண்டி ரூ.55 ஆயிரம். இரண்டும் சேர்த்து ரூ.94 ஆயிரத்து 900.

வெளிநாட்டுச் சாமானோடு ஒப்பிட்டால் மலிவு. மாதச் சம்பளக்காரருக்கு அதுவே மலை! இங்கேதான் நன்கொடை தேவைப்படுகிறது.

கம்பெனிப் பணம் எங்கே போகிறது?

2013-ம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தின் 135-வது பிரிவின்படி, பெரிய கம்பெனிகள் கடந்த 3 ஆண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவிகிதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். 2014 ஏப்ரல் முதல் இது நடைமுறை. 2023-24-ல் நாடு முழுவதும் கம்பெனிகள் இப்படிச் செலவிட்டது ரூ.34 ஆயிரம் கோடிக்கு மேல்!

தங்கள் தொழிற்சாலை உள்ள வட்டாரத்துக்கு முன்னுரிமை தர வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. அம்பத்தூர், மணலி, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருப்பவர்கள் இதைக் குறித்துக் கொள்ளலாம்.

ஆனால் தனி ஆள் மனுவோடு கம்பெனி கேட்டுக்கு முன்னால் போய் நின்றால் பெரும்பாலும் கையை விரித்து விடுவார்கள். காரணம் இருக்கிறது. அமைப்புகள் மூலம் செலவு செய்யும்போது, மத்திய கம்பெனி விவகார அமைச்சகத்தில் பதிவு செய்த அறக்கட்டளை, சங்கம் போன்றவற்றுக்குத்தான் கொடுக்க முடியும். 2021 ஏப்ரல் முதல் இந்தப் பதிவு கட்டாயம். சொந்த ஊழியர்களுக்கு மட்டும் செய்கிற உதவியும் இந்தக் கணக்கில் வராது.

எனவே முதலில் தேட வேண்டியது கம்பெனியை அல்ல; பதிவு பெற்ற நல்ல அறக்கட்டளையை. கம்பெனிகள் ஆண்டுதோறும் செலவுத் திட்டம் போட வேண்டும். திட்டம் போட்டு முடித்த பிறகு போய்க் கேட்டால் "அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்ற பதில்தான் வரும். நிதியாண்டு தொடங்கும் முன்பே கேட்பவர்களுக்கு வழி பிறக்கும்.

மனு எப்படி இருக்க வேண்டும்?

"ஏழை, உதவுங்கள்" என்று மட்டும் எழுதிய மனுக்கள் கட்டுக்கட்டாகக் கிடக்கின்றன. பலன் தரும் மனு வேறு மாதிரி இருக்கும்.

முதலில் அளவுச் சீட்டு. கே.கே.நகரில் அரசு புனர்வாழ்வு மருத்துவ நிலையம் இருக்கிறது. முட்டுக்காட்டில் பல்வகை ஊனமுற்றோருக்கான தேசிய நிறுவனம் 2005 முதல் இயங்குகிறது. இப்படிப்பட்ட இடங்களில் நிபுணர் பார்த்து, என்ன கருவி, என்ன அளவு என்று எழுதிக் கொடுத்தால் அந்தக் காகிதத்துக்குத் தனி மதிப்பு.

அடுத்து, கடைக்காரரின் விலைப்பட்டியல். அதோடு தேசிய அடையாள அட்டையின் நகல், வருமானச் சான்றிதழ்.

பிறகு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம். இணைப்புச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டர், பேட்டரி நாற்காலி, பார்வையற்றோருக்கான செல்போன் என்று தமிழக அரசு தரும் கருவிகள் உண்டு. அங்கே கிடைத்தால் நன்கொடையே தேவையில்லை. கிடைக்காவிட்டால் "தகுதி இல்லை" என்று எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது. அதைக் காட்டினால், முப்பதாயிரம் கோட்டில் மாட்டிய குடும்பத்தின் நிலைமை அறக்கட்டளைக்குப் புரியும்.

கடைசியாக, கணக்கு. மொத்தம் இவ்வளவு, கையில் இருப்பது இவ்வளவு, குறைவது இவ்வளவு. முழுத் தொகையைக் கேட்பவரைவிட, குறைவதை மட்டும் கேட்பவருக்கு இரண்டு மூன்று இடங்களில் சேர்த்து உதவி கிடைக்கும். பணத்தை நேராகக் கடைக்கே அனுப்பச் சொன்னால் கொடுப்பவருக்கும் நம்பிக்கை.

அரசு அலுவலகத்தில் வேலை பார்ப்பவர்கள் நன்கொடை தேடும் முன் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 20-வது பிரிவின்படி, மாற்றுத்திறனாளி ஊழியருக்குத் தேவையான தகுந்த வசதியை அரசு அலுவலகமே செய்து தர வேண்டும். உரிமையாகக் கேட்க வேண்டியதை யாசகமாகக் கேட்பானேன்?

ஒரு தடவை கொடுத்து உலகத்துக்கே உதவியவர்கள்

கொடுப்பவர்களுக்கும் ஒரு பாடம் இருக்கிறது.

கம்ப்யூட்டர் திரையில் உள்ளதைப் படித்துக் காட்டும் மென்பொருள் இல்லாமல் பார்வையற்றவர் ஆபீசில் வேலை பார்ப்பது கஷ்டம். ஒரு காலத்தில் அதை வாங்கப் பெரும் பணம் வேண்டும். 2006-ல் ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற இளைஞர் மைக்கேல் கரன், 'என்.வி.டி.ஏ.' என்ற மென்பொருளை இலவசமாகத் தர எழுதத் தொடங்கினார். ஜேம்ஸ் டே என்ற இன்னொரு பார்வையற்றவரும் சேர்ந்து கொண்டார். மொசில்லா அறக்கட்டளை போன்றவை பணம் கொடுத்தன. இன்று யார் வேண்டுமானாலும் காசு கொடுக்காமல் அதை இறக்கிக்கொள்ளலாம். தமிழையும் படிக்கும்!

ஆளுக்கு ஒன்றாக வாங்கிக் கொடுத்திருந்தால் அந்தப் பணம் சில நூறு பேரோடு தீர்ந்திருக்கும். செய்பவர் கையில் கொடுத்ததால் தீராமல் ஓடுகிறது.

பழுதுக்கு யார் பொறுப்பு?

நன்கொடைப் பணம் புதுச் சாமானுக்குத்தான் ஓடி வருகிறது. பழசை ரிப்பேர் செய்ய வருவதில்லை. நாற்காலிக்கு டயர் தேய்கிறது. பேட்டரி சில வருஷத்தில் போய்விடுகிறது.

காது கேளாத குழந்தைகளின் கதை இன்னும் கடினம். 6 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு உள்காதுக் கருவி பொருத்தும் அறுவை சிகிச்சையை முதல்-அமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் ஏற்கிறது. பெரிய உதவி. ஆனால் காதுக்கு வெளியே மாட்டும் கருவி வருஷம் போனால் தேயும், உடையும். புதுசு மாற்ற லட்சக்கணக்கில் ஆகும். அன்றைக்கு அந்தக் குழந்தை பள்ளிக்கூடத்தில் திரும்பவும் ஒன்றும் கேட்காமல் உட்கார்ந்திருக்கும். அதற்கு விழா எடுக்க முடியாது. எனவே நன்கொடையாளரும் கிடைப்பதில்லை!

2011 மக்கள்தொகைக் கணக்குப்படி தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகள் 11 லட்சத்து 79 ஆயிரம் பேர். எல்லாருக்கும் புதுக் கருவி கொடுக்க எந்த அறக்கட்டளையாலும் முடியாது. கொடுத்த கருவி ஓடிக்கொண்டிருக்கச் செய்ய முடியும்.

100 நாற்காலி கொடுக்க நினைப்பவர்கள் 70 கொடுக்கட்டும். மிச்சப் பணத்தில் அளவெடுக்க ஒரு நிபுணர், பழுது பார்க்க ஒரு மெக்கானிக். போட்டோவில் 30 நாற்காலி குறையும். ஆனால் 70 பேர் மறுநாள் காலை வேலைக்குப் போவார்கள்.

வாங்குபவர்களும் வாய் திறக்க வேண்டும். "எப்போ தருவீங்க?" என்பதற்கு முன்னால் "அளவெடுப்பீங்களா? ரிப்பேர் ஆனா யார்கிட்ட வரணும்?" என்று கேட்க வேண்டும். தானம் வாங்குகிற இடத்தில் கேள்வியா என்று கூச்சம் வேண்டாம். செருப்பு வாங்கும்போதே காலில் போட்டுப் பார்த்துத்தானே வாங்குகிறோம்?